கடல்மல்லையில் பார்க்க வேண்டியவை

சிரஞ்சீவி சீனுவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று முதல் வரியில் எழுதுவது என் வழக்கம். நீ சென்னைக்கு வேலைக்குப் போன இந்த இரண்டு வருஷத்தில் ஒரு கடிதத்திலும் அதை விட்டதில்லை. இன்று அதை எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதே. இங்கே மைசூர் சாமராஜபுரத்தில் இன்னும் பனி விடவில்லை. உன் அப்பா சால்வையைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நான் சமையலறைக்குள் உட்கார்ந்து, நீ பரீட்சைக்கு எடுத்துப்போன பழைய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவருக்குத் தெரியாமல் நான் எழுதும் முதல் கடிதம் இது.

உன் கடிதம் நேற்றுப் பகல் தபாலில் வந்தது. தை அமாவாசைக்கு நீயும் பத்மாவும் கடல்மல்லைக்குப் போகப் போவதாக எழுதியிருக்கிறாய். துணி முனைகளை முடிச்சுப்போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சமுத்திர ஸ்நானம் செய்து, பெருமாளைச் சேவித்துவிட்டு வரவேண்டும் என்று அப்பா தனியாக எழுதினாராம். 'கல்யாணமாகி மூன்று மாதத்தில் நாங்கள் சேர்ந்து போகும் முதல் ஊர். பத்மா கடற்கரையில் தூர நின்று பார்த்ததோடு சரி, கடலில் இறங்கினதே இல்லை. என்னைச் சின்ன வயதில் அங்கே அழைத்துப் போயிருக்கிறாயாமே? என்னென்ன பார்க்கலாம் என்று விவரமாக எழுது' என்று கேட்டிருக்கிறாய். படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். அது பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் எழுந்தேன். நேராகக் கூடத்துக்குப் போனேன்.

"சீனுவுக்கு நீங்க தனியா எழுதினேளா?"

"எழுதினேன். ஏன், நான் எழுதப்படாதா?"

"அமாவாசைக்கா போகச் சொன்னேள்?"

"பின்னே, அஷ்டமி நவமியிலயா போகச் சொல்லுவா?"

"அந்த எடத்துக்கேவா?"

பேப்பரை மடித்து வைத்தார். "பாதியில நின்னுபோச்சுடி அது. சங்கல்பம் பண்ணிண்டு முடிக்கல. அந்தக் குறை அவா தலையில வந்து விடியும். கல்யாணமான கையோட அவன் முடிச்சுட்டான்னா எனக்கு நிம்மதி."

"நம்ம தலையில விடிஞ்சது போறாதா?"

"சாக்கு பிடு" என்றார். போதும், விடு என்று. கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். பதினெட்டு வருஷமாக எங்களுக்குள் இந்தப் பேச்சு எழுந்ததே இல்லை. நேற்று எழுந்தது, இந்த இரண்டு சொல்லோடு முடிந்தது.

சீனு, உன் அக்கா வேதா விஷசுரத்தில் போனாள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது பொய். அவள் கடல்மல்லையில், தை அமாவாசையன்று, சமுத்திர ஸ்நானத்தின்போது கடலோடு போனாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. உனக்கு நாலு. நீ கரையில் பெரிய அத்தையின் மடியில் உட்கார்ந்து மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாய். இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான். இன்று மீதியையும் சொல்லப்போகிறேன். ஆனால் நீ கேட்டதற்கு முதலில் பதில் எழுதுகிறேன். கேட்ட பிள்ளைக்குப் பதில் எழுதாமல் என் துக்கத்தை மட்டும் எழுதி அனுப்புவது சரியாகப் படவில்லை. அந்த ஊர் நன்றாக இருந்தது என்பதும் உண்மைதான். அதுதான் என்னால் தாங்க முடியாதது.

நாங்கள் போனபோது அடையாற்றிலிருந்து கால்வாயில் படகு. இப்போது செங்கற்பட்டில் இறங்கினால் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் போகிறது என்கிறார்கள். சின்ன ஊர். ஒரு தெரு, கோயில், எதிரே குளம், ஒரு சத்திரம், கலங்கரை விளக்கம், தள்ளி மீனவர் குப்பம். மற்றதெல்லாம் பாறையும் மணலும்தான். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் கோயில் கிணற்றுத் தண்ணீர் தித்திப்பாக இருக்கும். பெரிய பாறைச் சிற்பத்தைக் காலை வெயிலில் பாருங்கள். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கீழே, யானைக்குப் பக்கத்தில் பாருங்கள். ஒரு பூனை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். அதைக் கண்டுபிடித்தவள் வேதா. என்னைக் குனியச் சொல்லிக் காதில், "அம்மா, இது நம்ம அத்தை சேவிக்கிற மாதிரியே இருக்கு, பாரேன்" என்றாள். நான் "வாயை மூடு" என்று அதட்டிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்து மண்டபத்தில் ஒருவன் பசுவைக் கறக்கிறான், பசு கன்றை நக்குகிறது. அங்கே உட்கார நிழல் உண்டு, தளிகை கட்டிக்கொண்டு போனால் அங்கேயே சாப்பிடலாம். சரிவில் ஒரு உருண்டைப் பாறை இப்போதோ அப்போதோ உருண்டுவிடும் போல நிற்கும். எல்லாக் குழந்தைகளும் அதற்கு முதுகைக் கொடுத்துத் தள்ளிப் பார்க்கும். உன்னையும் தள்ளச் சொன்னாள். நீ தள்ளிவிட்டு, நகர்ந்துவிட்டது என்று சத்தியம் செய்தாய். தெற்கே மணலுக்குள் ஐந்து ரதங்கள் இருக்கின்றன, பக்கத்தில் நிஜ யானை அளவுக்கு ஒரு கல் யானை. திரும்பும்போது திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளைக்குக் கழுகுகள் வருவதையும் பாருங்கள், பத்மாவுக்குப் பிடிக்கும்.

கோயிலில் பெருமாள் வெறுந்தரையில் படுத்திருப்பார், ஆதிசேஷன் கிடையாது. பாற்கடலில் இருக்கும் பெருமாளுக்குத் தாமரைப்பூ கொடுக்க வேண்டுமென்று ஒரு முனிவர் கடல் தண்ணீரைக் கையால் இறைத்துக் கொட்டினாராம், வழி கிடைக்கும் என்று. பெருமாள் மனமிரங்கி அவரைத் தேடிக் கரைக்கே வந்து படுத்துக்கொண்டாராம். பட்டர் இந்தக் கதையைச் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் கண்ணில் ஜலம் வந்தது. சில நாள் கழித்து அதே கரையில் உன் அப்பா நெஞ்சளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் மனமிரங்கவில்லை.

நாங்கள் தசமியன்று போய்ச் சேர்ந்தோம். அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. மைசூரில் பிறந்த குழந்தை, அதுவரை அவள் பார்த்த பெரிய தண்ணீர் குக்கரஹள்ளிக் கெரேயும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவேரியும்தான். கடலைப் பார்த்ததும் "இதுக்கு அந்தண்டைக் கரையில யார் இருக்கா?" என்று கேட்டாள். காலை நனைக்க ஓடியவளை அத்தை பிடித்து இழுத்தாள். நம்மகத்து வழக்கம் உனக்குத் தெரியும்: அமாவாசை மாதிரிப் பர்வ நாள் தவிர மற்ற நாளில் சமுத்திரத்தைத் தொடக்கூடாது. தொடாமல் கடற்கரையில் ஐந்து நாள் ஒரு குழந்தை என்ன செய்யும்? பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரமணல் ஓரம் வரை போவாள், அலை வந்ததும் திரும்பி ஓடிவருவாள். ஒரு சொட்டுக்கூடப் படாமல் ஓடிவருவதை விளையாட்டாக்கிக்கொண்டாள். "இன்னிக்கும் என்னைத் தொடல, ஜெயிச்சுட்டேன்" என்று வந்து சொல்வாள். சீனு, அந்த ஐந்து நாளும் கடல் அமைதியாக இருந்தது. குப்பத்துக் குழந்தைகள் இடுப்பளவு தண்ணீரில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன.

சிப்பி மாலை விற்கும் தையலம்மா என்கிற மீனவப் பெண் ஒருத்தி தினமும் சத்திரத்து வாசலுக்கு வருவாள். மூன்றாம் நாள் வேதாவின் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, தண்ணி இன்னா கடிச்சிருமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நாங்க அமாவாசைக்குத்தான் தொடணும்" என்றாள் வேதா, பெரிய மனுஷி மாதிரி.

தையலம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அமாவாசைக்கா? வேணாம் தாயி. எறக்குறதுன்னா இன்னிக்கி எறக்கு கொயந்தைய. இன்னிக்கி இது பசு மாதிரி கெடக்குது. அமாவாசைக்கு இது வேற ஆளு. எங்க ஆம்பளைங்களே அன்னிக்கிக் கட்டுமரம் தள்ள மாட்டாங்க. அதுவும் கரையோரம் கீற அந்தக் கல்லுக் கோயிலாண்ட பாறைங்க கீது, உள்ளாற இஸ்துக்கினு பூடும்."

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அவளைவிட நன்றாகவே புரிந்தது. அதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டிய முதல் விஷயம். கல்லூரியில் எங்களுக்குப் பாடம் சொன்ன அம்மாள் மேஜைமேல் ஒரு பூசணிக்காயும் ஆரஞ்சும் எலுமிச்சம்பழமும் வைத்து, அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் நின்று கடலை இழுப்பதைக் காட்டியிருக்கிறாள். நான் அதைப் படமாக வரைந்து, வகுப்பிலேயே நல்ல படம் என்று சுவரில் ஒட்டினார்கள். மைசூரில் கடலே இல்லை, இந்தப் பாடம் நமக்கு எதற்கு என்று அப்போது சிரித்துக்கொண்டோம். அன்று அந்தக் கரையில் அதை அறிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தி படிக்காமல் அறிந்தவள், அவள் சொல்லிவிட்டாள். இன்னொருத்தி நான்.

சாஸ்திரம்கூட எங்களுக்குக் குறுக்கே நிற்கவில்லை. அன்று சாயங்காலம் பட்டரே சொன்னார்: "இது அர்த்த சேது. சேதுவில திதி பாக்க வேண்டாம். நித்தியப்படி தீர்த்தமாடலாம். நாளைக்கே ஆடிட்டுப் பொறப்படுங்கோ."

பெரிய அத்தை விடவில்லை. "அர்த்த சேதுன்னா பாதி சேதுதானே? மீதிப் பாதிக்குத் திதி வேண்டாமா?" என்றாள். பட்டர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் மெதுவாக, "இல்லே, அந்தத் தையலம்மாவும் சொல்றா, அமாவாசைக்குத் தண்ணி இழுக்குமாம்..." என்று ஆரம்பித்தேன்.

"வந்துட்டா காலேஜ்காரி! சிப்பி விக்கிறவளும் இவளும் பேசிண்டு திதியை மாத்தியாச்சு. அடுத்த வருஷம் பஞ்சாங்கத்தையே நீங்க ரெண்டு பேரும் எழுதுங்கோ."

மறுபடி சிரிப்பு. உன் அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், சீனு. சிரித்துவிட்டு இலை போடப் போனேன்.

அத்தையைக் குறை சொல்லி என் கையைக் கழுவிக்கொள்ள எனக்கு எண்ணமில்லை. அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள், நம்பியதைச் செய்தாள். நான்தான் தெரிந்ததைச் சொல்லவில்லை, நம்பாததைச் செய்தேன். காரணம் சின்னது. புகுந்தகத்தில் எது நடந்தாலும் நான் படித்ததன்மேல்தான் விழும். தயிர் புளித்தாலும் "புஸ்தகம் படிச்சிண்டிருந்திருப்பா", உனக்குப் பல் முளைக்கத் தாமதமானாலும் "காலேஜுக்குப் போனவ பெத்த பிள்ளை". அந்த யாத்திரையில் ஒரு தடவையாவது, 'படித்தவளானாலும் அடக்கமானவள்' என்று பேர் வாங்கிவிட வேண்டும் என்று நான் மைசூரில் ரயில் ஏறும்போதே தீர்மானித்திருந்தேன். வாங்கினேன். ஊர் திரும்பிய பிறகு அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம், "அவ்வளவு நடந்தும் ஒரு வார்த்தை பேசலை, என்ன பொறுமை" என்று என்னைப் புகழ்ந்தாள்.

அமாவாசையன்று காலை காற்று வேறாக இருந்தது. அலை முந்தின நாட்களில் வேதா நின்ற இடத்தையெல்லாம் தாண்டி வந்துகொண்டிருந்தது. கட்டுமரங்கள் எல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தன. சாஸ்திரிகள் கரையில் நின்று சங்கல்பம் சொல்ல, அப்பாவின் வேஷ்டி முனையையும் என் புடவை முனையையும் அத்தை இறுக்கி முடிந்தாள். தம்பதிகள் அப்படித்தான் ஆட வேண்டும். அப்பா எனக்கு வலப்பக்கம். இடக்கையில் வேதாவைப் பிடித்துக்கொண்டேன். முதல் முழுக்கு நன்றாகவே ஆயிற்று. தலையைத் தூக்கியதும் அவள் உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, நெஜமாவே உப்பு!" என்று கத்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடல் அவளைத் தொட்டது அப்போதுதான்.

இரண்டாவது அலை எங்கள் தலைக்கு மேல் வந்தது. அப்பா விழுந்தார். முடிச்சு என்னையும் வலப்பக்கமாக இழுத்துக் கீழே தள்ளியது. காலுக்கடியில் மணல் ஓடியது. இடுப்பிலிருந்து ஒரு பக்கம் அவர் இழுக்கிறார், கையிலிருந்து மறுபக்கம் அவள் இழுக்கிறாள். இந்த முடிச்சு அவிழ்ந்தால் நான் அவளோடு நின்றுவிடலாம் என்று தோன்றியது. வலக்கையால் அவிழ்க்கப் பார்த்தேன். ஈரத்துணி முடிச்சு ஒரு கைக்கு வரவில்லை. இன்னொரு கையும் அங்கே போயிற்று. அந்தக் கை அவளைப் பிடித்திருந்த கை.

'கை நழுவிடுத்து' என்று உன் அப்பா எல்லோரிடமும் சொன்னார். குழந்தை கை நழுவவில்லை. கடைசி வரை என் விரல்களை அவள் விடவில்லை, நான்தான் உதறினேன். ஒரு நிமிஷம்கூட இராது. முடிச்சும் அவிழவில்லை. எங்கள் இருவரையும் சேர்த்தே அலை கரையில் கொண்டுவந்து போட்டது, அதே முடிச்சோடு. அத்தைதான் அதை அவிழ்த்தாள். மூன்றாம் நாள் குப்பத்து மனிதர்கள் வடக்கே வெகுதூரத்தில் வேதாவைக் கண்டெடுத்தார்கள். அப்பா தனியாகப் போனார். என்னைப் போக விடவில்லை, நானும் கேட்கவில்லை.

இதை அவரிடம் நான் சொன்னதில்லை. குறை எங்கே என்று அவர் பதினெட்டு வருஷமாகத் தேடி, பாதியில் நின்ற சங்கல்பத்தில் கண்டுபிடித்திருக்கிறார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தேட வேண்டியிருக்காது. உன்னை அங்கே அனுப்பவும் தோன்றியிருக்காது. என் மௌனம் ஒரு குழந்தையோடு நிற்கவில்லை, பார். அது இப்போது உன் வாசலுக்கு வந்துவிட்டது.

தந்தி கொடுத்தால் என்ன என்றும் யோசித்தேன். 'போகாதே' என்று ஒரு சொல் போதும். ஆனால் நீ அப்பாவைக் கேட்பாய், அவர் போ என்பார். காரணம் தெரியாமல் இரண்டு பேரில் ஒருவர் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் நீ அவர் பேச்சைத்தான் கேட்பாய். உன்னை அப்படித்தான் வளர்த்தோம். நானும் சேர்ந்துதான் அப்படி வளர்த்தேன். அதனால்தான் முழுவதையும் எழுதுகிறேன்.

அந்த ஊருக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறொரு நாள் போங்கள், எந்தத் திதியானாலும் சரி. குப்பத்தில் யாரையாவது கேளுங்கள், இன்று இறங்கலாமா என்று. இறங்கலாம் என்றால் முழங்கால் வரை இறங்குங்கள், துணியை முடியாதீர்கள். பத்மா தண்ணீரில் விளையாட ஆசைப்பட்டால் விளையாடட்டும். இன்னொன்று. அவள் எதையோ சொல்ல வந்து பாதியில் நிறுத்தினால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீ மேலே போய்விடாதே. நின்று, என்ன சொல்ல வந்தாய் என்று கேள். எல்லோரும் சிரிக்கும்போது அவளும் சிரித்தாலும் கேள். என்னை யாரும் கேட்கவில்லை என்பதைச் சாக்காகச் சொல்லவில்லை. கேட்காமலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் நீ கேள்.

இந்தக் கடிதத்தால் எனக்கு மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இனியும் ஆகாது. உன் அக்காவை ஒரு தடவை சுரத்தில் பறிகொடுத்ததாகச் சொன்னேன், இன்று இரண்டாம் தடவை உன்னிடமிருந்து பறிக்கிறேன். இதைப் படித்த பிறகு உன்னால் என்னை அம்மா என்று கூப்பிட முடியாமல் போகலாம். முடியாவிட்டால் கூப்பிடாதே. அப்பாவிடம் நான் இன்றே சொல்லிவிடுகிறேன், தபாலில் போட்டுவிட்டு வந்து. அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. அது எனக்கு இப்போது முக்கியமாகவும் தோன்றவில்லை.

இன்று தசமி. இது த்வாதசிக்குள் உன் கைக்கு வந்துவிடும். சதுர்த்தசியன்று புறப்படுவதாக எழுதியிருக்கிறாய். நடுவில் ஒரு நாள் இருக்கிறது. எனக்கு உடனே பதில் எழுத வேண்டாம். 'போகவில்லை அம்மா, கவலைப்படாதே' என்று முன்கூட்டி எழுதினால் என்னால் நம்ப முடியாது. அமாவாசை கழிந்து மறுநாள் எழுது. உன் கையெழுத்தில் ஒரு வரி, கீழே பத்மாவின் கையெழுத்தில் ஒரு வரி. எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுது, கொலைகாரி என்றே எழுது. நான் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன்.

அம்மா